நாம் பிறவாமுன் பிறந்த விளையாட்டுக்கள்

பழமையின்மீது மக்கட்குள்ள பற்று இயல்பானதொன்றாகும். முதியோர் தம் இளமையில் உண்ட பண்டத்தையும், ஓடியாடிய தெருவையும், கேட்ட பாட்டையும் நினைந்து நினைந்து இன்புறுவர். அவை இன்று இல்லாமைபற்றி வருந்தவும் செய்வர். அஃது ஒரு வியப்பன்று. தாம் துய்த்ததனையே அவர் விரும்புகின்றனர். ஆனால், தான் ஒருநாளும் துய்த்தறியாத, தான் பிறப்பதற்கு இருபது முப்பது ஆண்டுகட்கு முன்னரே செய்யப்பெற்ற ஒரு பொருளின்மேல் ஓர் இளைஞனுக்கு அன்பு தோன்றுமாயின், அவ்வன்பிற்குக் காரணம் யாதாக இருத்தல் கூடும்?

இவ்வன்பு இன்று நம் வயதினர் பலரிடத்தும் காணப்படுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் பழைய விளையாட்டுக் கருவிகளைத் தேடியெடுத்து ஆடுவோர் நம் கல்லூரி விடுதியிலேயே சிலர் உளர். யானும் அவருள் ஒருவன். இது வீண் பொழுதுபோக்கோ, பிறருடைய ஏக்கத்தைக் கடன்வாங்கி அணிந்துகொள்ளும் போலி வழக்கமோ, அன்றி மதிக்கத்தக்கதொரு கல்வியோ என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயம் என் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுதல் பொருந்தும். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிக்கும்பொருட்டுப் பரணிலிருந்த சாமான்களையெல்லாம் கீழே இறக்கினோம். அவற்றுள், என் தாய்மாமன் பள்ளிச் சிறுவராய் இருந்தபோது ஆடிய ‘டிவி கேம்’ ஒன்றும், மஞ்சள் நிறக் கேசட்டுகள் மூன்றும் கிடந்தன. என் அன்னையார் அவற்றைப் பழைய சாமான் வாங்குபவருக்குக் கொடுப்பதற்கென்று கட்டிய மூட்டையில் வைத்துவிட்டார். எடைக்குப் போட்டிருந்தால் சில ரூபாய்கள் கிடைத்திருக்கும். ஆவல் மிகுதியால் யான் அவற்றைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் தட்டைத் தொலைக்காட்சியில் படம் தெளிவாக விழவில்லை. தெருக்கோடியில் டிவி பழுது பார்க்கும் கடையை வைத்திருக்கும் பெரியவர், மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய குழாய்ப் பெட்டியொன்றை இரவலாகத் தந்தார்; கேசட்டின் அடியிலுள்ள செப்புப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கவும் கற்பித்தார். மாமாவோ தொலைபேசியில், “வாயால் நன்றாக ஊதிவிட்டுச் செருகு” என்றார். மூச்சின் ஈரம் அப்பட்டைகளுக்குக் கேடு. ஊதுதல் கூடாதென்று நின்டெண்டோ நிறுவனத்தாரே எச்சரித்துள்ளனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். மூன்றாம் முறை செருகியபோது திரை ஒளிபெற்றது. மீசைவைத்த ஒரு சிறு மனிதன் ஓடத் தொடங்கினான். எந்தச் செங்கல்லுக்குள் காசு மறைந்திருக்கின்றது, எந்தக் குழாய்க்குள் இறங்கினால் சுரங்கவழி உண்டு என்பனவற்றை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகட்குப் பின்னும், மாமா ஓரிடமும் பிழையாது சொல்லிக்கொண்டே வந்தார்.

“இதனைச் செய்தவர் யார், மாமா?” என்று யான் கேட்டேன். அவர் சற்றே நகைத்து, “அதை அந்தக் காலத்தில் யார், தம்பி, கேட்டார்கள்?” என்றார்.

அவ்விடையே என்னை நெடுநாள் சிந்திக்கச் செய்தது. மாமாவின் அன்பும் என் அன்பும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்பொழுது புலனாயிற்று. அவர் அக்கருவியில் காண்பது தம் பத்து வயதினை, கோடை விடுமுறையினை, உடனிருந்து ஆடிய நண்பர்களை. எனக்கோ அந்நினைவுகளுள் ஒன்றும் இல்லை. ஆதலின், ஆட்டம் நன்றாயிருந்தாலன்றி எனக்கு அஃது இனித்தல் இயலாது. நினைவின் துணையின்றி ஒரு பழம்பொருள் நம்மைக் கவருமாயின், அதன்கண் உண்மையான சிறப்பு ஏதோ இருத்தல் வேண்டும். அச்சிறப்பு யாதென்று தேடப் புகுந்தேன்.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கருவியாக முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மேக்னவாக்ஸ் ஒடிசி என்பதாகும். அதனை வகுத்தவர் ரால்ஃப் பேயர். யூதராய்ப் பிறந்தமையால், 1938-இல் தம் குடும்பத்தோடு ஜெர்மனியைவிட்டு அமெரிக்காவிற்குச் சென்றவர் அவர். அக்கருவிக்கு ஒலியும் இல்லை, வண்ணமும் இல்லை. திரையில் சில வெண்புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே தோன்றும். எனவே, ஆட்டத்திற்கேற்ற படம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு, உடன் தந்த பகடையும் சீட்டுக்களும் கொண்டு ஆடினர். 1976-இல் வெளிவந்த ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் கருவியில்தான், கருவியை மாற்றாது கேசட்டை மட்டும் மாற்றி வேறு வேறு ஆட்டங்களை ஆடும் வகை ஏற்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளர்.

மறு ஆண்டில், அதாவது 1977-இல், அட்டாரி நிறுவனத்தின் கருவி வந்தது. அதன் நினைவகம் 128 பைட் அளவினதே. ஆங்கில எழுத்தொன்றிற்கு ஒரு பைட் வேண்டுமெனக் கொண்டால், அதில் எழுதக்கூடியவை 128 எழுத்துக்கள் மட்டுமே. அஞ்சலட்டையில் மூன்று வரிகூடத் தேறாது. திரை முழுவதற்குமான படத்தை வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. ஆகவே, தொலைக்காட்சிக் குழாயினுள் மின்கதிர் இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக இழுத்துச் செல்லுகையில், அக்கோட்டில் தோன்ற வேண்டியவற்றை அந்தந்த நொடியில் நிரல் எழுதுவோர் எடுத்துக்கொடுத்தல் வேண்டும். கதிர் ஒருவருக்காகவும் நிற்பதில்லை. அதற்கு முந்தியும் செல்லலாகாது; பிந்தவும் கூடாது.

இவ்வளவு நெருக்கடியில் 1982-இல் டேவிட் கிரேன் என்பவர் ‘பிட்ஃபால்’ என்னும் ஆட்டத்தை ஆக்கினார். காட்டினுள் ஓடும் ஒரு வீரன். அவன் கடக்கவேண்டிய இடங்கள் 255. கேசட்டின் அளவோ நான்கு கிலோபைட். இத்தனை இடங்களையும் அதனுள் எங்ஙனம் அடைத்தார்? அவர் அடைக்கவேயில்லை. ஒரே பைட்டில் அடங்கும் எண் ஒன்றினை ஒரு முறைப்படி மாற்றிக்கொண்டே சென்று, அவ்வெண்ணிலிருந்தே மரம் எங்கே, குழி எங்கே, முதலை எங்கே என்பதைக் கணித்துக்கொள்ளுமாறு அமைத்தார். வீரன் பின்னோக்கி நடப்பின் அக்கணக்கும் பின்னோக்கி நடக்கும். காடு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நாம் நடக்கும்போதே அது முளைக்கின்றது.

என் மாமாவின் கேசட்டில் இருந்த ஆட்டம் 1985-இல் ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. அது முழுவதும் 40 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரியது. அவ்வாட்டத்தில் வானத்திலே மிதக்கும் வெண்முகிலும், தரையிலே நிற்கும் பசும்புதரும் ஒரே வடிவமே. வண்ணம் மட்டுமே வேறு. இதனை ஒருவர் சொல்லக் கேட்டபின்னரே யான் கண்டேன். கண்டபின் காணாதிருக்க இயலவில்லை. அம்மனிதனுக்கு மீசை வந்த காரணமும் இத்தகையதே. 1981-இல் ‘டாங்கி காங்’ என்னும் ஆட்டத்திற்காக ஷிகெரு மியாமோட்டோ அவனை வரைந்தபோது, கிடைத்த சில புள்ளிகளில் வாயைத் தெளிவாகக் காட்ட இயலாமையின் மீசையையும், தலைமயிரை வரைதல் அரிதாதலின் தொப்பியையும் வைத்தார். குறையை மறைக்க வைத்தவையே அவனுக்கு உலகறிந்த அடையாளமாயின.

தமிழ் பயிலும் நமக்கு இது புதிய செய்தியன்று. குறள் வெண்பாவிற்குக் கிடைத்த இடம் ஏழு சீர்களே. தளை தட்டாது, சொல் மிகாது, பொருள் குன்றாது அவ்வேழு சீர்களுள் நிற்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு புலவனின் கையைக் கட்டிவிடுவதில்லை. அவன் சொல்லைக் கூர்மையாக்குகின்றது. இடம் மிகுந்தவிடத்துத் தேவையற்றதும் வந்து புகும். இடம் அருகியவிடத்து இன்றியமையாதது மட்டுமே நிற்கும். பழைய ஆட்டங்களில் என்னை ஈர்த்தது இவ்வியல்பே என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிற்க. ‘செய்தவர் யார்?’ என்னும் வினாவிற்கு மீண்டும் வருவோம். 1990-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு வீடுகளில் புகுந்த டிவி கேம்களுள் மிகப் பலவும் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த, உரிமம் பெறாத படிகளேயாம். அவற்றின் கேசட்டுகளின்மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளனவென்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். பல ஆட்டங்களின் முகப்பில் இருந்த உரிமையாளர் பெயரும் ஆண்டும்கூட நீக்கப்பட்டிருந்தன. மாமா கேட்கவில்லையென்றால், கேட்பதற்குரிய அடையாளத்தையே பிறர் அழித்துவிட்டனர் என்பதே உண்மை. அப்படிகளால் எளிய குடும்பத்துச் சிறுவரும் அவ்வாட்டங்களை ஆடி மகிழ்ந்தனர் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், அம்மகிழ்ச்சியை அளித்தவர்தம் பெயர் அவர்கட்கு எட்டாமற்போயிற்று.

இக்குற்றம் படியெடுத்தோரை மட்டும் சார்ந்ததன்று. உரிமையுடைய நிறுவனங்களே தம்மிடம் பணிபுரிந்தோரின் பெயரை மறைத்ததுண்டு. அட்டாரி நிறுவனம் ஆட்டங்களை ஆக்கியோரின் பெயரை வெளியிடுவதில்லை என்னும் வழக்கமுடையதாயிருந்தது. அதனைப் பொறாத வாரன் ராபினெட் என்பவர், தாம் இயற்றி 1980-இல் வெளியான ‘அட்வெஞ்சர்’ என்னும் ஆட்டத்தினுள் யாரும் அறியாமல் ஓர் அறையை அமைத்து, அதன் நடுவே தம் பெயரை எழுதிவைத்துவிட்டு வேலையைவிட்டு விலகினார். ஆடிய சிறுவனொருவன் அதனைக் கண்டு எழுதிய கடிதத்தால்தான் நிறுவனத்தாரே அதனை அறிந்தனர். அதற்கு முன்னரே, 1979-இல், அட்டாரியிலிருந்து விலகிய நால்வர் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனம் ஏற்படக் காரணராயினர். முன்பு கூறிய டேவிட் கிரேன் அவருள் ஒருவர். ஆக்கியோன் பெயரை வெளியிடுதலை அந்நிறுவனம் தன் கொள்கையாகக் கொண்டது. ஜப்பானிலும் பலர் புனைபெயரிலேயே குறிக்கப்பெற்றனர்.

குறுந்தொகையில், இயற்பெயர் தெரியாமையின், தாம் பாடிய பாட்டிலுள்ள தொடராலேயே பெயர் வழங்கப்பெற்ற புலவர் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்தம் சொல் நின்றது, பெயர் மறைந்தது. அம்மறைவு காலத்தால் நேர்ந்தது. நம்மால் இனி மீட்டற்கரியது. ஆனால், இக்கருவிகளை ஆக்கியோருட் பலர் இன்றும் உயிரோடிருக்கின்றனர். அவர் பெயரையும் நாம் அறியாது விடுவோமாயின், அதற்குக் காலத்தின்மீது பழிபோடுதல் தகாது.

இனி, இக்கருத்திற்கு மாறாகச் சிலர் கூறுவனவற்றையும் நோக்குவோம்.

பழையன எல்லாம் நல்லன என்கின்றாயோ என்று சிலர் வினவலாம். அன்று. 1982-இல் ‘இ.டி.’ என்னும் திரைப்படத்தைத் தழுவி அட்டாரி வெளியிட்ட ஆட்டம் ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் செய்து முடிக்கப்பெற்றது. வாங்கியோர் வெறுத்தனர். விற்காத கேசட்டுகளை 1983-இல் நியூ மெக்ஸிகோ நாட்டுப்புறத்தில் அலமகார்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் புதைத்தனர். 2014-இல் மீண்டும் தோண்டியெடுத்தனர். நினைவின் மயக்கம் இல்லாத நமக்கு நல்லதையும் தீயதையும் பிரித்தறிதல் எளிதென்றே யான் கூறவருகின்றேன்.

இது பணமுடையோரின் ஆடம்பரம் என்பர் வேறு சிலர். இதில் உண்மையில்லாமலில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், முத்திரை பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ படியொன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சம் டாலருக்கும் மேலான விலைக்குப் போயிற்று. அதனை வாங்கியவர் அதனை ஆடப்போவதில்லை. பிரித்தால் விலை குறையும். கட்டவிழ்க்காத சுவடியைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் வைப்பவரைத் தமிழன்பர் என்று நாம் கூறுவதில்லை. விளையாட்டு ஆடுதற்குரியது. ஆடாதான் அன்பு பொருளின்மேற் சென்ற அன்பேயன்றி ஆட்டத்தின்மேற் சென்றதாகாது.

கற்கவேண்டிய வயதில் விளையாட்டைப்பற்றி இத்துணைப் பேச்சு எதற்கு என்று பெரியோர் கடிதல் கூடும். தேர்வுக்கு முன்னாளில் ஆடுதல் பிழையென்பதை யானும் ஒப்புக்கொள்ளுகின்றேன். அப்பிழையைச் செய்து அதன் பயனையும் பெற்றிருக்கின்றேன். ஆயினும், மக்கள் எவ்வாறு விளையாடினர் என்பதும் அவர்தம் வரலாற்றின் ஒரு பகுதியே. நம் இலக்கியங்களில் வரும் கழங்கும் பந்தும் வண்டலும் ஆராய்ச்சிக்குரியனவாயின், நம் மாமன்மார் ஆடியதும் ஒருநாள் அங்ஙனம் ஆகும். அப்பொழுது அது கிடைக்குமோ என்பதே கேள்வி.

ஏனெனில், இவை விரைந்து அழிகின்றன. ஆட்டத்தின் நிலையைக் காத்துவைக்கச் சில கேசட்டுகளினுள் வைத்த சிறு மின்கலங்கள் தீர்ந்துபோகின்றன. திரையை நோக்கிச் சுடும் பழைய ஒளித்துப்பாக்கிகள் குழாய்த் தொலைக்காட்சியின் ஒளி எழும் முறையை நம்பியே செய்யப்பட்டமையின், இன்றைய தட்டைத் திரைகளில் அவை பயன்படுவதில்லை. எனக்குப் பெட்டியை இரவல் தந்த பெரியவர், இதன் படக்குழாய் போய்விட்டால் மாற்றுவதற்குத் தம்மிடம் வேறில்லை என்று கூறியே தந்தார். அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடைகளில் கிடைப்பதில்லையென்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அத்தகைய ஆட்டங்களை நூலகங்கள் ஆராய்ச்சியாளர்க்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கொடுக்கலாமென்று வேண்டிய கோரிக்கையை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. பொழுதுபோக்கிற்காக அவை பரவிவிடும் என்னும் உரிமையாளர்தம் அச்சம் முற்றும் காரணமற்றதன்று. ஆயினும், தாமும் விற்காது, பிறர் கற்கவும் விடாது ஒரு பொருளைப் பூட்டிவைத்தல் நீதியாகுமோ என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

சீவகசிந்தாமணியை 1887-இல் சாமிநாதையர் அவர்கள் பதிப்பித்து வெளியிட்டமையாலேயே இன்று யாமும் அதனைப் பாடமாகப் பயில்கின்றோம். ஒரு விளையாட்டைக் காப்பியத்தோடு ஒப்பிடுகின்றேன் என்று யாரும் கருதவேண்டா. பரண்மேற் கிடக்கும் பொருள் பயனற்றதென்று நினைத்துவிடும் மனப்பான்மை எக்காலத்தும் ஒன்றே என்பதை நினைவூட்டுதலே என் கருத்து.

நாம் செய்யக்கூடியவை பெரியன அல்ல. வீட்டுப் பரணிலுள்ளதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பார்க்கலாம். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ, எந்தக் கடையில் வாங்கினீர்கள், யாருடன் ஆடினீர்கள், கேசட்டை யாரிடம் மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டு எழுதிவைக்கலாம். நம் ஊர்களில் இவை எங்ஙனம் பரவின என்னும் வரலாறு அவர்தம் வாய்மொழியிலேயே இருக்கின்றது. நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியும், ஒரு பழைய குழாய்த் தொலைக்காட்சியும் இதற்கென ஒதுக்கப்பெறுமாயின், பழைய மாணவர் பலர் தம் பரணிலுள்ளவற்றை மகிழ்ந்து அனுப்புவர் என நம்புகின்றேன்.

சென்ற மே மாதம் மாமா விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். இருவரும் தரையில் அமர்ந்து ஆடினோம். காசு மறைந்துள்ள செங்கல்லை அவர் முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார். முகிலும் புதரும் ஒன்றே என்பதை யான் காட்டியபோது, ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். வரைந்தவர் பெயர் மியாமோட்டோ என்றும், இசையமைத்தவர் கோஜி கோண்டோ என்றும் சொன்னேன். அப்பெயர்களை இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, “இத்தனை நாள் தெரியாமலே போயிற்றே” என்றார்.

அவர் எனக்கு ஆட்டத்தைக் கொடுத்தார். யான் அவருக்குப் பெயரைக் கொடுத்தேன். பின்பிறந்தோர் முற்பிறந்தோர்க்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதுவேயாகும். நண்பர்காள்! நாம் பிறவாமுன் பிறந்தவற்றை விரும்புவதோடு நில்லாது, அவற்றை ஆக்கியோரை அறிந்து, அவை இயங்கும்போதே அவற்றைப் பேணுவோமாக.